கணப்பு அவிந்த ஊர்கள்

அவிந்ததே, ஆங்கில நாட்டுச் சிற்றூர்களின் கணப்பு! செங்கல் அடுக்கிய நெடும் புகைபோக்கிகள் கூரைதோறும் இன்றும் நிற்கின்றன. அவற்றின் வாயினின்று எழுந்து உறைபனிக் காலையின் வானை அளாவிய நீலப்புகை பெரும்பாலும் எழாதொழிந்தது. சஃபோக் நாட்டில் வைக்கோல் வேய்ந்த மனைகளிலும், டார்செட் நாட்டின் கற்குடில்களிலும், முதியோள் குளிர்காய்ந்ததும், குழவி வெம்மை அறிந்ததும், வழிவந்தோன் ஈர ஆடை உலர்த்தியதும் ஒரே இடத்திலாக, அவ்விடத்தைத் தீயும் கெடாமல் தீமையும் வாராமல் காத்தவன் ஒருவன் இருந்தான். மன்னர்க்கு அழுதார் உளர். மாலுமிக்கு அழுதார் உளர். புகைபோக்கி துலக்கியவனுக்கு அழுதார் மிகச் சிலர். அவன்பொருட்டு ஈண்டுச் சிறிது நிற்போம்.

மனையோர் கணப்பு மூட்டுமுன் அவன் வரல் வேண்டும். ஆதலின் இருள் புலராமுன் எழுவான். முன்னாளில் கழுதை பூட்டிய வண்டி, பின்னாளில் மிதிவண்டி. தோளில் பிரம்புக் கட்டு, கையில் கரிச்சாக்கு. தரையில் துணி விரித்து, கணப்பின் வாய்க்குத் திரை கட்டி, திரையின் பிளவு வழியே தூரிகையைச் செலுத்துவான். மலாக்காப் பிரம்பின் நுனியில் பித்தளைப் பூண்; பூணின் மறையில் அடுத்த பிரம்பு; அதன் மறையில் மற்றொன்று. மேலே செலுத்துந்தோறும் பிரம்பை வலமாகவே சுழற்றுவான். இடமாக ஒருமுறை சுழற்றினும் மறை கழன்று, தூரிகை இருட்சுவருள் சிக்கி, மீட்பதற்கு அரிதாகும். அவன் கண்டது ஒன்றுமில்லை. எல்லாம் கைவழியே கேட்டான். இங்கே சுவர் வளைகிறது, இங்கே சுண்ணச்சாந்து உதிர்ந்தது, இங்கே காக்கையினத்துச் சிறுபறவை சுள்ளி குவித்துக் கூடமைத்தது, இங்கே ஈரவிறகின் தார் கண்ணாடிபோல் இறுகியது என்று பிரம்பின் நடுக்கம் அவனுக்குச் சொல்லிற்று. அத்தார் தீப்பற்றின் கூரை எரியும். கூரை எரியின் ஓர் இல்லத்தின் மூன்று தலைமுறைத் தேட்டம் சாம்பலாகும். அதனை அறிந்தே அவன் விரைந்திலன்.

பணி முடியும் பொழுதில் மனையின் சிறாரை வெளியே ஏவுவான். அவர் அண்ணாந்து நிற்க, புகைபோக்கியின் உச்சியில் தூரிகை கருமலரென விரியும். அவர் ஆர்ப்பரிக்கும் ஒலியே, உள்ளிருந்தவனுக்கு வழி முற்றும் திறந்ததென்னும் செய்தி. பிரம்பும் தூரிகையும் வாங்க இயலா ஊர்களில், முட்செறிந்த ஹோலிச் செடியைக் கயிற்றில் கட்டி ஒருவன் கூரைமேலும் ஒருவன் கீழுமாய் இழுத்ததுண்டு. உயிர் வாத்தைக் காலில் கயிறிட்டு இறக்கி, அதன் சிறகடிப்பால் கரி உதிர்த்ததும் உண்டு. அப்புள் உற்ற அச்சத்தை நினைப்பின் நெஞ்சு பொறாது.

சாக்கில் சேர்ந்த கரியும் வறிதே போயிற்றில்லை. உழவன் அதனை விலைகொடுத்து வாங்கி, சில திங்கள் மழைபடாது வைத்துக் காரம் தணிவித்து, இளவேனிலில் கோதுமைப் பயிருக்குத் தூவினான். அதனுள் உறைந்த நைட்ரசன் பயிரைத் தழைக்கச் செய்தது, எஞ்சிய காரம் நத்தையை அகற்றியது. இல்லத்தை எரிக்க வல்ல கரி இல்லத்தார்க்கு அப்பமாய் மீண்டது. மே மாத முதல்நாள் அவன் குலத்தார்க்குத் திருநாள். பசுந்தழைக் கூடு போர்த்த ஒருவன் நடுவே ஆட, கரிபடிந்த முகத்தினர் தெருவில் ஆடினர். மணமகள் தேவாலய வாயிலில் அவனைக் காணின் நன்னிமித்தம் என மகிழ்ந்தாள். அக்குலத்தாரின் அவ்விளவேனில் ஆட்டமும் அவிந்தது. அந்நம்பிக்கையின் வெம்மையும் தணிந்தது.

ஆயின் இத்தொழிலின் முன்வரலாற்றில் ஒரு பெரும்பழி உண்டு. அதனை மறைத்து அழுவது அழுகையாகாது. 9 அங்குலச் சதுரமே அகன்ற வழிகளுள் ஐந்தாறு வயதுச் சிறுவரை ஏற்றினர். முழங்கையும் முழங்காலும் உரிந்து குருதி கசியும்போது உப்புநீர் தேய்த்துத் தீயருகே நிறுத்தித் தோலைக் காய்ப்பேற்றினர். 1775-ல் மருத்துவர் பெர்சிவல் பாட், கரி படிந்த உடலில் பின்னாளில் புற்று முளைப்பதை எழுதினார். 1788-ல் ஒரு சட்டம், 1834-ல் ஒன்று, 21 வயது நிரம்பாதார் ஏறலாகாதென 1840-ல் மற்றொன்று. மாளிகையாரும் நீதிமன்றத்தாரும் அவற்றைப் பெரிதும் பொருட்படுத்திலர். பிரிஸ்டல் நகரத்து ஜோசப் கிளாஸ் 1828-லேயே பிரம்புத் தூரிகையைச் செப்பம் செய்து தந்தும், சிறுவனின் உடலையே மலிவெனக் கொண்டனர். 1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனையின் புகைபோக்கியுள் 11 வயது ஜார்ஜ் புரூஸ்டர் சிக்கினான். சுவரை இடித்து எடுத்தும் பிழைத்திலன். அவனை ஏற்றிய முதலாளி ஆறு மாதக் கடுங்காவல் பெற்றான். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் அவ்வாண்டே புகைபோக்கி துலக்குவோர் உரிமம் பெறவேண்டுமெனும் சட்டம் வந்தது, கொடுமை அவிந்தது. அது அவிந்ததற்கு ஒருதுளிக் கண்ணீரும் இல்லை. அதன்பின், தன் கையின் நீட்சியாய்ப் பிரம்பேந்தி ஊர் ஊராய்ச் சென்ற அந்த முதிர்ந்த தொழிலாளனுக்கே இவ்வழுகை.

அவனை வீழ்த்தியோர் யார்? 1952 டிசம்பரில் ஐந்து நாள் இலண்டனைக் கவிந்த நச்சுப்புகை 4,000-க்கு மேற்பட்டோரைக் கொன்றது; 1956-ல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. 1965-ல் வடகடலின் அடியில் எரிவாயு கண்டனர். குழாய் எட்டாத ஊர்களை எண்ணெய்க் கொதிகலன் ஆட்கொண்டது. 2021-ல் இங்கிலாந்தில் பையிலிட்ட வீட்டு நிலக்கரியின் விற்பனை நின்றது. 2023-ல் உதிரி நிலக்கரியும் நின்றது. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃபில் அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் அவிந்தது. மூச்சுத் திணறி மாண்டோரை எண்ணுங்கால் சட்டம் செய்தோரைப் பழிக்க நாவெழவில்லை. பழிக்க ஒருவரும் இன்மையே இத்துயரைத் தாங்கொணாததாக்குகிறது.

விறகடுப்பை விரும்பி மூட்டுவோர் இன்றும் உளர். அவர்க்குத் துலக்குவோரும் உளர். மின்துளைப்பானில் பூட்டிய சுழல்கம்பியும், கரியை உறிஞ்சும் பொறியும், புகைவழியுள் நுழையும் ஒளிப்படக் கருவியும் கொண்டு, தொலைபேசியில் அழைக்க வந்து, சான்றிதழ் எழுதித் தந்து செல்கின்றனர். அவர் தொழிலும் நேர்மையானதே. ஆனால் எந்த மனையின் புகைபோக்கி எங்கே வளையும், எதில் ஆண்டுதோறும் பறவை கூடமைக்கும், எந்த மூதாட்டி ஈரவிறகே எரிப்பாள், எந்தக் குடும்பம் இவ்வாண்டு கூலி தர இயலாது என்று தந்தை தன் மகனைப் பிரம்பின் அடியைப் பிடிக்கச் செய்து பயிற்றிய அறிவு, பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாதே போயிற்று; அதனைக் கேட்டு எழுதிக்கொள்ள அவன் வாயிலுக்குச் சென்றோர் மிகச் சிலர்.