வண்ணம் தேய்ந்த சீட்டுகள்

சீட்டுக்கட்டு என்றாலே எனக்கு ஆகாது. என் தந்தையார் சூதில் இழந்தவற்றுள் அன்னையின் தாலிக்கொடியும் ஒன்று. குருவான பின்பும் பங்கு மக்களிடம் சீட்டாட்டத்தைக் கண்டித்தே பேசிவந்தேன்.

இறையியல் பயில ஐரோப்பாவில் தங்கியிருந்த நாள்களில், ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையருகே என் கால்கள் தாமாக நின்றன. உள்ளே இருந்தவை பாரசீகச் சீட்டுகள். 1925 வரை அந்நாட்டை ஆண்ட கஜார் மரபினர் காலத்தில், ‘ஆஸ்-நாஸ்’ என்னும் பந்தய ஆட்டத்துக்காகக் கையால் தீட்டப்பட்டவை.

அச்சீட்டுகளில் உருவங்கள் ஐந்தே: சிங்கம் பொறித்த ‘ஆஸ்’, அரசனாகிய ‘ஷா’, சீமாட்டியாகிய ‘பீபி’, போர்வீரனாகிய ‘சர்பாஸ்’, நடனமாதாகிய ‘லக்காத்’. ஐவர் ஆடினால் ஒவ்வொன்றும் ஐந்தாக 25 சீட்டுகள். நால்வர் ஆடினால் நான்காக 20. காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, வண்ணம் தீட்டி, மேலே வார்னிஷ் பூசியிருந்தனர். முகப்பில் ஓவியனின் கற்பனைக்குத் தடையில்லை. பின்புறத்திலோ ஒரு கோடும் வேறுபடலாகாது. வேறுபட்டால் ஆட்டம் கெடும்.

இதே வார்னிஷ் ஓவியக் கலையில்தான் எழுதுகோல் பெட்டிகளும் கண்ணாடிச் சட்டங்களும் நூல் அட்டைகளும் உருவாயின. ஐரோப்பியப் படங்களைப் பார்த்து, மரியன்னையையும் குழந்தை இயேசுவையும் அந்தப் பெட்டிகள் சிலவற்றில் தீட்டியிருப்பதைப் பின்னர் நூல்களில் கண்டேன். ஒரே கைத்திறன் சூதுக்கும் உதவியது. மீட்பரின் திருமுகத்தையும் வரைந்தது.

ஐரோப்பிய அச்சுச் சீட்டுகள் வந்தபின் ஆஸ்-நாஸ் மறைந்தது. எனினும் ஈரானியர் இன்றும் ஏஸை ஆஸ் என்றும், ராஜாவை ஷா என்றும், ராணியைப் பீபி என்றும், ஜாக்கைச் சர்பாஸ் என்றுமே அழைக்கின்றனர். நடனமாதுக்குத்தான் இடமில்லாமற் போயிற்று. பழைய சீட்டுகளோ சேகரிப்போர் நாடும் கலைப்பொருள்களாயின. கட்டுகள் சிதறி, ஒற்றைச் சீட்டுகளாகவும் விலைபோகின்றன.

பேழையிலிருந்த சீட்டுகளின் ஓரங்களில் வண்ணம் தேய்ந்திருந்தது. சேகரிப்போருக்கு அது குறை. எனக்கோ, கட்டைவிரல் பதிந்த இடமாக அது தெரிந்தது. பந்தயத்தில் தோற்றவன் விரலும் அங்கே பதிந்திருக்கும் அல்லவா? என் தந்தையாரின் கைகள் நினைவுக்கு வந்தன. தாலிக்கொடியைக் கழற்றி வாங்கிய கைகள் என்றே அவற்றை நினைத்துவந்தேன். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன், எங்கள் ஆலயக் குடில் சொரூபங்களுக்கு இரவெல்லாம் விழித்திருந்து வண்ணம் தீட்டியவையும் அதே கைகள்தாம். அதை எப்படி மறந்தேன்?

சூதை இன்றும் கண்டிக்கிறேன். ஆனால், சூதாடும் ஒருவனைப் பற்றி என்னிடம் முறையிட வருவோரிடம், “அவன் கைகள் வேறென்ன நல்லது செய்திருக்கின்றன?” என்றும் கேட்கிறேன். என் தந்தையார் உயிரோடு இருந்தபோது அதை நான் கேட்கவில்லை.