ஆறு என்னும் வழி

பழந்தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு நீர் ஓடும் ஆறு என்பது ஒரு பொருள். மக்கள் நடந்து செல்லும் வழி என்பது மற்றொரு பொருள். வள்ளலிடம் பரிசில் பெற்று வரும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனுக்கு அவ்வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியைக் கூறி அனுப்புவது ஆற்றுப்படை எனப்படும். பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. வழி சொல்வதையே ஓர் இலக்கியமாக வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு. ஏட்டில் படிக்கும்பொழுது இவையெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றலாம். கரிசல் நாட்டு ஊர் ஒன்றைச் சுற்றி ஒரு நாள் நடந்தால், நீர் செல்லும் வழியும் மக்கள் செல்லும் வழியும் ஒரே பெயர் பெற்றதில் வியப்பு ஒன்றும் இல்லை என்பது விளங்கிவிடும்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் உள்ளது ஆமத்தூர். நெடுஞ்சாலையில் பேருந்தில் விரைவோரின் கண்ணுக்குக் கரிய நிலமும், இடையிடையே பனையும் வேம்பும், தொலைவில் பட்டாசுத் தொழிற்சாலைகளின் சிறுசிறு அறைகளும் தென்படும். அவ்வளவே. அதற்குள் ஊர் கடந்துவிடும். ஊரை அறிய வேண்டுமாயின் வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும்.

இவ்வூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கிறார். எழுபது அகவை கடந்தவர். முழங்கால் வலிக்கு மருந்து கேட்கப் போனவரிடம், “நாள்தோறும் நடங்கள், ஆனால் மேடு பள்ளம் இல்லாத வழியாகப் பார்த்து நடங்கள்” என்றார் மருத்துவர். நெடுஞ்சாலையோ வண்டிகளுக்கு உரியதாகிவிட்டது. ஆதலால் அவர் தம் இளமையில் நடந்த வழிகளை மீண்டும் தேடத் தொடங்கினார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தி விடுமுறை நாட்களில் உடன் செல்வாள். முதலில் தாத்தாவுக்குத் துணையாகத்தான் சென்றாள்.

முதல் வழி கண்மாய்க்கரை. நடப்பதற்கு இதைவிட எளிய வழி கரிசல் நாட்டில் இல்லை. நீரைத் தேக்குவதற்காக முன்னோர் எழுப்பிய மண்கரை ஆதலின் அதன் மேற்பரப்பு ஒரே மட்டமாக இருக்கும். ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறுபக்கம் வயல். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அங்கே கூடும். வழியில் நீரை வயலுக்கு விடும் மடை வரும். கரையின் முடிவில், மிகுந்த நீர் வழிந்தோடும் கலுங்கு வரும். மடைக்கல்லில் அமர்ந்து இளைப்பாறலாம். கோடையில் நீர் வற்றியபோதும் இக்கரையின் மீது காற்றுக்குக் குறைவில்லை.

இரண்டாவது, நிலங்களின் ஊடே செல்லும் வண்டிப்பாதை. பருத்தியும் சோளமும் உளுந்தும் விளையும் புஞ்சைகள் இருபுறமும் இருக்கும். மாட்டு வண்டிகள் தடம் பதித்த இப்பாதை மழைக்காலத்தில் நடப்பாரின் பொறுமையைச் சோதிக்கும். கரிசல் மண் மிக நுண்ணிய களிமண். நீரை உண்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மழை பெய்த மறுநாள் அதில் பத்து அடி நடந்தால் காலுக்கு அடியில் மண் அப்பி, ஒவ்வோர் அடிக்கும் செருப்பு கனத்துக்கொண்டே போகும். கோடையிலோ வெடிப்புகளில் கைத்தடி சிக்கிக்கொள்ளும். தை, மாசி மாதங்களே இப்பாதைக்கு ஏற்ற காலம் என்பது ஆசிரியரின் முடிவு. முழங்கால் வலி உள்ளவர் சொல்லும் முடிவு ஆதலால் அதை நம்பலாம்.

வண்டிப்பாதை ஓரிடத்தில் வளைந்து, பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றின் வேலியைச் சுற்றிச் செல்கிறது. வெடிமருந்துத் தொழிலுக்கு ஊரை விட்டு விலகிய நிலம் வேண்டும். ஓரறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குத் தாவாதிருக்க அறைகளுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். அவ்வேலியின் அருகே நின்று வேடிக்கை பார்ப்பதும், தீக்குச்சியுடன் அவ்வழியே செல்வதும் கூடாதென்று பேத்திக்கு முதல் நாளே சொல்லப்பட்டது. முற்காலத்தில் தொழிலாளர் விடியற்காலையில் சோற்றுத் தூக்குடன் இப்பாதை வழியே நடந்து சென்றனர். இப்பொழுது அவர்களை ஏற்றிச் செல்ல வேன்கள் ஊருக்குள் வருகின்றன. கால்களுக்கு அது நன்மையே. பாதைதான் ஆளற்றுப் போயிற்று.

மூன்றாவது வழி ஓடை. கலுங்கிலிருந்து இறங்கும் ஓடை ஆற்றை நோக்கிச் செல்கிறது. இந்நிலப்பகுதியின் ஆறு அர்ச்சுனா ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலிருந்து வந்து, ஆனைக்குட்டத்திலும் கோல்வார்பட்டியிலும் அணைகளில் தேங்கி, இருக்கன்குடியில் வைப்பாற்றுடன் கலக்கிறது. இரண்டு ஆறுகள் கூடும் அவ்விடத்தில்தான் புகழ்பெற்ற மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் அங்கே நடந்தே செல்வர். ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி நீர் இராது. வெண்மணல் விரிந்து கிடக்கும். அக்காலத்தில் ஓடையும் ஆறுமே மக்களுக்கு வழி. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அவற்றை நீருக்கு விட்டுவிட வேண்டும். மலைப்பக்கம் பெய்த மழை, இங்கே வானம் தெளிந்திருக்கும்போதும் வெள்ளமாக வரக்கூடும்.

இம்மூன்றாம் வழியைப் பேத்திக்குக் காட்டச் சென்ற நாளில் ஆசிரியர் பாதியிலேயே நின்றுவிட்டார். ஓடையின் கரை இருபுறமும் சீமைக்கருவேல மரங்களால் மூடிக் கிடந்தது. கிளைகள் நடுவே வந்து ஒன்றோடொன்று பின்னியிருந்தன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்மரம் மழையின்றியும் வளரும்; வெட்டினால் மீண்டும் தழைக்கும். அதன்மேல் பழி முழுவதையும் சுமத்துவதும் முறையாகாது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் இதன் விறகும், மூட்டம் போட்டு எடுக்கும் கரியும் இம்மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரித்திருக்கின்றன. ஆயினும் இது நின்ற ஓடையில் மனிதரும் நடக்க முடிவதில்லை. நீரும் தடையின்றி ஓட முடிவதில்லை.

“அப்படியானால் திரும்பிவிடலாமா, தாத்தா?” என்றாள் பேத்தி.

அந்நேரம் ஆட்டு மந்தை ஒன்று முட்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தது. ஆடுகள் வந்த இடத்தில் ஒரு முழ அகலத்தில் தடம் தெரிந்தது. “ஆடு வழியை மறக்காது, ஐயா. குனிந்து போனால் ஆற்றுக்குப் போய்விடலாம்” என்றார் மேய்ப்பவர். பேத்தி குனிந்து சென்று ஆற்றைக் கண்டு வந்தாள். முழங்கைகளில் முள் கீறியிருந்தது. ஆசிரியரால் குனிய இயலவில்லை. அம்மரத்தின் நெற்றுகளைத் தின்று விதைகளை எங்கும் பரப்புவனவும் ஆடுகளே என்பதை அவர் திரும்பும் வழியில் சொன்னார். அடைத்தவையும் அவையே, திறந்து வைத்தவையும் அவையே என்று இருவரும் சிரித்தனர்.

ஆனால் வீட்டுக்கு வந்த பின்னும் அவர் மனம் அமைதியடையவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று ஊர் வரைபடத்தைப் பார்த்தார். ஓடையும் அதன் கரைப்பாதையும் அதில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தன. அவை எவருடைய சொந்த நிலமும் அல்ல. ஊருக்குப் பொதுவான புறம்போக்கு. தாளில் இருந்த வழி தரையில் இல்லை. அக்டோபர் 2 ஆம் நாள் கூடிய கிராம சபையில் அவர் எழுந்து, மழை வருமுன் ஓடையைத் திறக்க வேண்டும் என்று கேட்டார். எவரும் மறுக்கவில்லை. “தீபாவளி நெருங்குகிறதே, ஆள் எங்கே கிடைக்கும்?” என்ற கேள்வி மட்டும் எழுந்தது. பட்டாசுத் தொழில் நடக்கும் ஊரில் அது நியாயமான கேள்விதான். பண்டிகைக்கு முன் அங்கே எந்தக் கைக்கும் ஓய்வில்லை.

தீபாவளி விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருந்தபொழுது, இளைஞர் பன்னிருவர் அரிவாளும் கடப்பாரையும் கொண்டு ஓடைக்குச் சென்றனர். கிளையை மட்டும் வெட்டினால் பயனில்லை என்பதால் மரங்களை வேருடன் தோண்டினர். அதனால் வேலை மெல்லவே நகர்ந்தது. நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கடைசிப் பகுதி அப்படியே நின்றுவிட்டது. எனினும் அவ்வாண்டு கலுங்கில் வழிந்த நீர் தேங்காமல் ஓடைவழி இறங்கியதைப் பேத்தி குடை பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அடுத்த ஆடி மாதம். நெடுஞ்சாலையின் வண்டிகளுக்கு அஞ்சி ஊருக்குள் இறங்கிய பாதயாத்திரைக் கூட்டம் ஒன்று கண்மாய்க்கரையில் நின்றது. மஞ்சள் ஆடை உடுத்த மூதாட்டி ஒருவர், “தாயி, ஆற்றுக்குப் போகும் வழி எது?” என்று பேத்தியைக் கேட்டார். ஆசிரியர் மடைக்கல்லில் அமர்ந்திருந்தார்; வாய் திறக்கவில்லை.

“இக்கரை மேலேயே நடந்து செல்லுங்கள், பாட்டி. கலுங்கு வரும். அங்கே இறங்கினால் ஓடை. ஓடை மணலிலேயே போங்கள். இரட்டைப் பனை தெரியும். அது வரைக்கும் முள் இல்லை. அதற்கப்பால் கரையோரம் ஒதுங்காதீர்கள். நீங்கள் செருப்பு அணியவில்லை, நடுமணலிலேயே நடங்கள். ஆடுகள் போன தடம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் ஆறு.”