கோடிழுக்கும் தூரிகை

பம்பாய்க்கு வந்து ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்து உயர்ந்த நம்மவரைப் பற்றிப் பேசுவார் பலர். வண்டிகளின்மேல் கோடிழுத்தே குடும்பம் காத்தவர்களைப் பற்றிப் பேசுவார் அரியர். லாரியின் பக்கப்பலகையிலும் மோட்டாரின் கதவோரத்திலும் நூல் பிடித்தாற்போல் ஓடும் மெல்லிய வண்ணக்கோட்டை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அளவுகோல் இன்றி வெறுங்கையால் ஒரே மூச்சில் இழுக்கப்பெறும் கோடு அது.

நாம் வாழும் குர்லாவில் இத்தொழிலுக்கு வேலை கிடைத்ததில் வியப்பில்லை. 1944-இல் தோன்றிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கேதான் இயங்கிற்று. பின்னாளில் பத்மினி என்று பெயர் பெற்ற பியட் வண்டிகள் இங்கிருந்தே ஊருக்குள் சென்றன. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. பட்டறைகளும் பழைய உதிரிபாகக் கடைகளும் மட்டும் இன்றும் மிகுதி. அத்தகைய பட்டறைகளில் நெடுங்காலம் கோடிழுத்தவர் நம் சந்தில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர். சிறியோர் முதியோர் அனைவர்க்கும் அவர் அண்ணாச்சியே.

அண்ணாச்சியின் திறமை முழுதும் அவர் கையில் இருப்பதாகவே நாம் எண்ணியிருந்தோம். அவர் அதனை ஒப்புவதில்லை. பாதி தூரிகையில் இருக்கிறது என்பார். கடையில் பிரஷ் என்று கேட்டு வாங்குவது அவருக்கு வெறும் மூலப்பொருளே. முதலில் விரலால் பலமுறை தட்டி உதிர்மயிரைக் களைவார். எண்ணெய் தொட்டு நீவித் தட்டையாக்கிக் கண்ணாடித் துண்டின்மேல் கிடத்துவார். பிறகு சவர பிளேடால் ஒருபுறம் சாய்வாகக் குறைத்து வாளின் அலகு போல ஆக்குவார். நுனி மெலிந்தால் கோடு மெலியும். ஆனால் வயிற்றுப் பகுதி மெலிந்தால் வண்ணம் கொள்ளாது, பாதி வழியில் கோடு வறண்டுவிடும். ஆகவே ஒவ்வொரு மயிரையும் எண்ணி எடுப்பவர் போல அவர் குறைப்பதைக் காண வேண்டும்! காம்பையும் அறுத்துக் குட்டையாக்கி உப்புத்தாளால் தேய்த்து உருட்டுவார். வளைவு வருமிடத்தில் அது விரல்களுக்கிடையே தானே சுழல வேண்டுமாம்.

மயிர் மட்டும் இரண்டு அங்குலத்திற்குக் குறையலாகாது. காரணம் கேட்டோம்.

“குட்டை மயிர் நம்ம கைநடுக்கத்தைக் காட்டிக் கொடுத்துடும், தம்பி. நெட்டை மயிர் அதைப் பொறுத்துக்கிடும்” என்றார்.

இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் வண்டிகளின் பக்கக்கோட்டைக் கையால் தீட்டிப் புகழ்பெற்ற மார்க் கோர்ட் என்பவர், முன்னர் பெயர்ப்பலகை எழுதியவர். அணில் மயிரும் எருது மயிரும் கொண்ட தூரிகைகளால் அவர் 3 மில்லிமீட்டர் அகலக் கோட்டை இழுப்பார் என்று நாம் கூறியபோது, அண்ணாச்சி அவருடைய சம்பளத்தைத்தான் விசாரித்தார்.

நம் நாட்டில் நயமான தூரிகைக்குக் கீரி மயிரே பெயர்போனது. அதற்காகக் கீரிகள் கொல்லப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரியைக் காக்கிறது. அதன் மயிரை விற்பது இன்று குற்றம். அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று இரண்டையும் பிள்ளையாக்கிக் கொண்ட மொழி நம்முடையது என்பதையும் இங்கே நினைத்துக் கொள்கிறோம்.

அண்ணாச்சியிடம் பழைய கீரிமயிர்த் தூரிகை ஒன்று இருந்தது. எண்ணெயிட்டுக் கண்ணாடிமேல் கிடத்திப் பல்லாண்டு பேணியது. ஒட்டும் தாள்கள் வந்து அவர் தொழிலைக் கொண்டுபோயின. 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்ஸிகளும் பம்பாய்த் தெருக்களில் ஓடவில்லை. கையும் நடுங்கத் தொடங்கியது. அந்நிலையில் பழைய பத்மினி ஒன்றைப் புதுப்பிக்கும் ஒருவர் கோடிழுக்க அழைத்தார். அண்ணாச்சி அந்தத் தூரிகையையே எடுத்தார். கல்லூரியில் பயிலும் பேத்தி தடுத்தாள்.

“இதுக்கு இனிமே ஜோடி கிடையாது தாத்தா. ஒடிஞ்சா அடுத்த வண்டிக்கு என்ன செய்வீங்க? அதைத் தேடி நம்ம போகவும் கூடாது.”

இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நைலான் பிரஷ் ஒன்றை வாங்கி வந்து பிளேடும் கண்ணாடியுமாக அமர்ந்தார். நைலான் துள்ளும், வண்ணத்தையும் நெடுந்தூரம் சுமக்காது. நுனியை மட்டும் மிக மெல்லியதாக்கி வயிற்றைத் தொடாமல் விட்டார். முதல் இரண்டும் வீணாயின, மூன்றாவது பணிந்தது.

பட்டறைக்கு நாமும் உடன் சென்றோம். சிறுவிரலைக் கதவு விளிம்பில் ஊன்றி, ஒரே இழுப்பில் முடிக்க வேண்டிய கோட்டை மூன்று இழுப்பாக இழுத்தார். இணைந்த இடம் எது என்று குனிந்து குனிந்து தேடினோம், தென்படவில்லை. அண்ணாச்சி ஒன்றும் கூறாமல் நகத்தால் இரண்டிடத்தைச் சுட்டிவிட்டு, தூரிகையைக் கழுவ டர்ப்பன்டைன் கேட்டார். பேத்தி எடுத்துக் கொடுத்தாள்.