கேட்போரின் உரிமை

கவிதை முதலில் செவிக்கு உரியதாயிருந்தது. அச்சு வந்த பிறகே கண்ணுக்கு உரியதாயிற்று. இதனை யாவரும் அறிவோம். ஆயினும், மேடையில் நிகழ்த்தப்பெறும் கவிதையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்ப்பது எவ்வாறு என்னும் கேள்வி எழும்போது, நாம் பெரும்பாலும் கவிஞரைப் பற்றியே பேசுகிறோம். அவர் இன்னும் எளிமையாக எழுதவேண்டும், இன்னும் உரத்த குரலில் சொல்லவேண்டும் என்கிறோம். கேட்பவரைப் பற்றி எண்ணுவோர் சிலரே. அவ்வாறு எண்ணிய ஒருவரின் முயற்சி சில காலமாக என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது.

அவர் பெயர் மார்க் ஸ்மித். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கட்டடத் தொழிலாளியாய் உழைத்தவர். கவிதை வாசிப்புக் கூட்டங்கள் கவிஞர்கள் கவிஞர்களுக்காகவே கூடும் சிறு வட்டங்களாகச் சுருங்கிவிட்டன என்னும் மனக்குறை அவருக்கு இருந்தது. 1984ஆம் ஆண்டில் ஒரு சிறிய மதுக்கூடத்தில் புதுவகைக் கவிதை நிகழ்ச்சியை ஆரம்பித்தார். பின்னர் 1986 ஜூலையில், ‘கிரீன் மில்’ என்னும் பழைய ஜாஸ் இசைக்கூடத்தில், ஞாயிறு இரவுகளில், ‘ஸ்லாம்’ என்ற பெயரில் கவிதைப் போட்டியைத் தொடங்கி வைத்தார்.

அப்போட்டிக்கெனப் பின்னாளில் நிலைபெற்ற விதிகள் எளியவை. கவிஞர் தாமே எழுதிய கவிதையைச் சொல்லவேண்டும். மூன்று நிமிடத்திற்குள் முடிக்கவேண்டும். வேடமோ, இசைக்கருவியோ கூடாது. அவையினரிலிருந்து ஐவர் நடுவராகத் தெரிந்தெடுக்கப்படுவர். அவர்கள் புலமை பெற்றவர்களாய் இருக்கவேண்டியதில்லை. பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண் எழுதி உயர்த்திக் காட்டுவர். மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் நீக்கப்பட்டு, எஞ்சிய மூன்றும் கூட்டப்படும். கவிதை அறியாதவர் கவிதைக்கு மதிப்பெண் இடுவதா என்று நாம் வியக்கலாம். ஆனால், அந்த வியப்பில்தான் அம்முயற்சியின் உட்பொருள் அடங்கியிருக்கிறது. கேட்க வந்தவர் கைகட்டி அமர்ந்திருக்கும் விருந்தினர் அல்லர்; வாய் திறந்து சொல்லும் உரிமை உடையவர் என்று அது அறிவித்தது.

அதன் பின் நிகழ்ந்தவை வியப்புக்குரியவை. 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் தேசிய அளவிலான முதல் போட்டி நடைபெற்றது. ‘ஸ்லாம்’ என்ற பெயரிலேயே வெளிவந்த திரைப்படம் 1998இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் உயரிய பரிசினைப் பெற்றது. 2002 முதல் 2007 வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சி ‘டெஃப் போயட்ரி’ என்னும் நிகழ்ச்சியின் வழியே மேடைக் கவிஞர்களை இல்லந்தோறும் கொண்டுசென்றது. 2021 சனவரி 20 அன்று, இருபத்திரண்டு வயது அமாண்டா கோர்மன் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பதவியேற்பு மேடையில் நின்று கவிதை சொன்னார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புனித பிரிஜித் பங்கைச் சேர்ந்த அப்பெண், இளமையில் சில ஒலிகளைத் திருத்தமாக உச்சரிக்க இயலாமல் இடர்ப்பட்டவர். அவருடைய குரலையும் விரல்களின் அசைவையும் உலகமே கண்டது. அடுத்த மாதமே ஒரு மாபெரும் கால்பந்தாட்ட இறுதிப்போட்டியின் தொடக்கத்திலும் அவருடைய கவிதை ஒலித்தது.

இவ்வளர்ச்சிக்கு விலையும் உண்டு. மூன்று நிமிடமும் மதிப்பெண்ணும் சேர்ந்து கவிதையின் வடிவத்தையே ஆளத் தொடங்கும் ஆபத்தை மறுக்க இயலாது. உடனே நெஞ்சைத் தொடாத கவிதை அங்கே தோற்றுவிடும். உரத்த குரலும் தன் துயரத்தின் விவரிப்பும் வென்றுவிடும். ஹெரால்டு புளூம் என்னும் திறனாய்வாளர் 2000ஆம் ஆண்டில், இது கலையின் மரணம் என்றே கண்டித்தார். அக்கண்டனத்தை முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை.

கைதட்டலின் மயக்கம் நமக்கும் புதிதன்று. நம் கவியரங்க மேடைகளை இளமை முதல் கேட்டு வருபவன் நான். அவையோர் கைதட்டும்வரை ஒரே அடியை இருமுறை, மும்முறை சொல்லும் வழக்கம் நமக்கெல்லாம் பழக்கமானதே. அங்கே பாராட்டுவதற்கு வழியுண்டு. ‘இது என் உள்ளத்தை எட்டவில்லை’ என்று சொல்வதற்கு வழியில்லை. ஆகவேதான், எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் கவிதை மாலையொன்றில் சிக்காகோ முறையை ஒருமுறை பின்பற்றிப் பார்த்தோம். நடுவர் ஐவருள் ஒருவர் எங்களுக்குத் தேநீர் கொண்டுவரும் அம்மையார். ஏழைத் தாயைப் பற்றி ஓர் இளைஞர் பாடிய கவிதைக்குக் கூடம் அதிரக் கைதட்டல் எழுந்தது. அம்மையாரோ நான்கு மதிப்பெண்ணே எழுதிக் காட்டினார். காரணம் வினவியபோது, அந்தத் தாய் என்ன வேலை செய்தாள் என்று தம்பி சொல்லவே இல்லையே என்றார்.

விதிப்படி, மிகத் தாழ்ந்ததாகிய அவருடைய மதிப்பெண் கணக்கில் சேரவில்லை. ஆனால், அவர் சொன்ன சொல் சேர்ந்தது. அடுத்த மாதம் அவ்விளைஞர் கவிதையைத் திருத்திக்கொண்டு வந்தார். அதில் அத்தாய் விளக்கொளியில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பெருந்திரள் என்பது எண்ணிக்கை மட்டுமன்று என்பதை நான் அப்போது உணர்ந்தேன். தொலைக்காட்சி வழியே கவிதை கோடிப் பேரின் செவியை அடையலாம்; அவர்களுள் ஒருவரும் கவிஞரிடம் மறுமொழி கூற இயலாது. நாற்பது பேர் கூடும் சிறு கூடத்தில் அது இயலும். கவிதையைப் பரந்த மக்களிடம் கொண்டுசெல்ல விழைவோர் ஒலிபெருக்கியைத் தேடுமுன், கேட்பவருக்கு இருக்கை இடுவதோடு நில்லாமல், பேசும் உரிமையையும் அளிக்க முன்வரவேண்டும். அவர் மதிப்பெண் தருவாரோ, குறை சொல்வாரோ, அது அவர் விருப்பம். தன் சொல்லுக்கும் அங்கே இடமுண்டு என்று அறிந்தவர் மறுமுறையும் வருவார். வரும்போது அண்டை வீட்டாரையும் உடன் அழைத்து வருவார்.