இல்லாத ஒரு பிப்ரவரி 29

1992 ஜூன், மைக்ரோசாஃப்ட். எக்செலுக்குள் பேசிக் மொழியைக் கொண்டுவர ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதிய ஸ்பெக் (மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்ற விவரக்குறிப்பு), ஏறத்தாழ 500 பக்கம், பில் கேட்ஸ் கையில். முந்தைய நாள்தான் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் ஓரமெல்லாம் குறிப்புகள்!

கேள்விகள் போகப்போகக் கடினமாயின. கடைசியில் தேதிக் கணக்குக்கு வந்தார் கேட்ஸ்: எக்செலிலும் பேசிக்கிலும் எல்லாம் ஒரே மாதிரி வருமா? வரும், 1900 ஜனவரி, பிப்ரவரி தவிர என்றார் ஸ்போல்ஸ்கி. 1900 லீப் ஆண்டே அல்ல. எக்செலுக்கு முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 அதை லீப் ஆண்டாக வைத்திருந்தது; அதோடு ஒத்துப்போக எக்செலும் இல்லாத பிப்ரவரி 29-ஐச் சேர்த்துக்கொண்டது. பேசிக் ஒரு நாள் முன்னதாக எண்ணத் தொடங்குவதால், மார்ச் 1 முதல் இரண்டும் ஒத்துப்போகும்.

இந்த நுணுக்கத்தை விரல்நுனியில் வைத்திருந்த ஸ்போல்ஸ்கி அந்தத் திட்டத்தின் புரோகிராமர் அல்ல, புரோகிராம் மேனேஜர். ஸ்பெக் எழுதுவதே அவருக்கு முழுநேர வேலை.

நம்மூர் அலுவலகங்கள் பலவற்றில் ஸ்பெக் எழுத டெவலப்பருக்கு நேரமிருக்காது, கிளையண்டுக்குப் பொறுமை இருக்காது. பழைய புராஜெக்ட் டாக்குமெண்டில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார்கள். (சில சமயம் பெயரும் மாறாது.)

நல்ல புரோகிராமருக்குப் பதவி உயர்வாகப் புரோகிராம் மேனேஜர் வேலையைக் கொடுக்காதீர்கள் என்று 2000-இல் எழுதினார் ஸ்போல்ஸ்கி; மார்க்கெட்டிங் ஆட்களும் வேண்டாமாம். புரோகிராமர்களை ஸ்பெக் எழுதுபவருக்குக் கீழே வைக்கவும் கூடாது என்றார். அதிகாரம் இருந்தால் உத்தரவு போட்டுவிடலாம். இல்லாதவர் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்லி அவர்களைச் சம்மதிக்க வைத்தாக வேண்டும்.