ஒரு பிரச்சினை வந்தா ஹிட்டாகிடுமா?

ஹல்துமுல்லையில பஸ்ஸுக்கு நிக்கும்போது கூட்டாளி ஒருத்தன் சொன்னான்: "மச்சான், நம்ம ராப் பாட்ட யாராவது எதிர்த்து ஒரு போஸ்ட் போட்டா போதும்டா. வியூஸ் தானா ஏறிரும்."

அவன் சொன்னது முழுப் பொய் இல்ல. பெருமாள்முருகன் பேரே எனக்கு அப்படித்தான் தெரிய வந்துச்சு. 'மாதொருபாகன்' நாவல் வந்தது 2010இல். நாலு வருசம் ஒரு சத்தமும் இல்ல. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகத்த எரிச்சாங்க. அதுக்குப் பிறகுதான் உலகமே அதத் தேடி வாசிச்சது, நானும்தான்.

ஆனா நடுவுல நடந்தத நாம மறந்துடுறோம். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துட்டான்னு அவரே முகநூலில் அறிவிச்சார். ஊர விட்டு சென்னைக்குப் போக வேண்டி வந்துச்சு. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் திரும்ப எழுத வந்தார். சர்ச்சைக்கு முன்னாடியே இருபது வருசத்துக்கு மேல நாவல் எழுதினவர் அவர். தேடி வந்தவங்களுக்கு வாசிக்க அவர்கிட்ட நிறைய இருந்துச்சு.

நம்ம நாட்டுலயே அஹ்னாப் ஜஸீம் இருக்கார். 'நவரசம்' கவிதைத் தொகுப்பக் காட்டி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்துல பிடிச்சாங்க. 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. இப்போ அவர் பேரு பலருக்குத் தெரியும். அந்த வழக்கப் பத்தி நானும் எவ்வளவோ பேசியிருக்கேன். கவிதை? ஒன்னுகூட படிச்சதில்ல. சொல்லவே வெட்கமா இருக்கு.

பஸ்ஸுல வரும்போது கூட்டாளியோட பாட்ட முழுசாக் கேட்டேன். ரெண்டாவது சரணத்துல கொழுந்து நிறுக்கிற இடம் வருது. கிலோ வெட்டுறதப் பத்தி நாலு வரி. நல்ல வரிகள். அவன் அம்மா இன்னமும் அதே மலையிலதான் கொழுந்து எடுக்குறாங்க.

"எதிர்ப்பு யூடியூப்ல மட்டும் வராதுடா. உங்க லயத்து வாசலுக்கும் வரும். முதல்ல அம்மாகிட்டதான் கேப்பாங்க"ன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். பிறகு கேட்டான்: "அப்போ அந்த வரிய எடுத்திரவா?"

"எடுக்காத. அம்மாவுக்கு முதல்ல பாடிக் காட்டு. அவங்க சரின்னா போடு. வியூஸ் வராட்டியும் பரவாயில்லன்னு தோணினா போடு."

இன்னும் போடல. அம்மாவுக்குப் பாடிக் காட்டிட்டானாம்.