ரசீது இருக்கிறதா?

கோவில்பட்டிக்கு அடுத்த எங்கள் ஊரில் என் தந்தையார் ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், மரக்கட்டையில் நட்ட கம்பி ஒன்று நிற்கும். சரக்குச் சீட்டு, லாரிக் கூலிச் சீட்டு, மின்சாரக் கட்டணச் சீட்டு எல்லாம் அதில் குத்தப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கும். யாரேனும் வந்து, "அண்ணாச்சி, போன மாசமே நான் கொடுத்துட்டேனே" என்று தொடங்கினால் அவர் வாதாடமாட்டார். "ரசீது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பார். சிறு வயதில் எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. மனிதரை நம்பாமல் காகிதத்தை நம்புகிறாரே என்று எண்ணுவேன்.

டில்லிக்கு வந்து முதுகலை அறிவியல் படிக்கும் காலத்தில், அந்தக் கேள்வியின் பொருளை ரூ. 5,640 கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கொடுத்த பணம் பிறகு திரும்பி வந்தது. அது வந்த வழியைச் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். நம்மில் கார்டு வைத்திராதவர் இல்லை. ஒருமுறையேனும் ஏமாறாதவரும் அதிகம் இருக்கமாட்டார்.

2024 டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் முதன்முறையாக வடக்கே வந்தார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு கழித்து இறங்கிய அம்மாவுக்கு ஒரே ஆசை: ஹரித்துவாரில் கங்கையில் ஒரு முழுக்குப் போடவேண்டும். அதற்காக நவம்பரிலேயே ஒரு பிரயாண நிறுவனத்தின் மூலம் இரண்டு நாளைக்கு அறை பிடித்து வைத்திருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் அது. என் சம்பாத்தியத்தில் பெற்றோரை ஓரிடத்தில் தங்கவைக்கப் போகிறேன் என்ற பெருமை எனக்கு. படங்களில் அந்த அறை அரண்மனைபோல் இருந்தது.

டிசம்பர் 20-ஆம் தேதி இரவு ஏழு மணிக்கு அரண்மனை வாசலில் போய் நின்றோம். கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் சிமெண்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. காவற்காரர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு, "மூடி இரண்டு மாதம் ஆயிற்று, பாபு" என்றார். நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தேன். அரைமணி நேரம் இசை கேட்டேனே தவிர மனிதக் குரல் கேட்கவில்லை. அம்மா, என் தோழனிடம் இரவல் வாங்கிய சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பரவாயில்லைப்பா, வேறே இடம் பார்க்கலாம்" என்றாள். அந்தப் 'பரவாயில்லை' என்ற சொல் சுட்டதுபோல் குளிர்கூட என்னைச் சுடவில்லை.

அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "அந்தப் பூட்டையும் பேர்ப்பலகையையும் ஒரு படம் எடுத்து வை, தம்பி."

அடுத்த தெருவில் ஒரு லாட்ஜில் ரூ. 1,200-க்கு அறை கிடைத்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு நான் மாடி ஏறப் போனேன். அப்பா நகரவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ரசீது கேட்கச் சொன்னார். லாட்ஜுக்காரர் முணுமுணுத்தபடி ரசீதுப் புத்தகத்தைத் தேடினார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இந்தக் குளிரிலே ரசீது எதற்கு, அப்பா?"

"குளிர் காலையிலே போயிடும், தம்பி. சீட்டு இருக்கும். தேதியோடு நேரத்தையும் எழுதச் சொல்லு."

மறுநாள் அம்மா கங்கையில் முழுகினாள். கதையில் இன்பமான பகுதி அத்துடன் முடிந்தது.

டில்லி திரும்பியதும் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். 'இந்த முன்பதிவுக்குப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது. மேலும், விருந்தினர் வந்து சேரவில்லை என்று விடுதியார் தெரிவிக்கிறார்' என்று பதில் வந்தது. பூட்டிக் கிடந்த கட்டடம் எந்த வாயால் தெரிவித்தது என்று வினவி மீண்டும் எழுதினேன். அதே பதில் வந்தது, எழுத்துப் பிழைகூட மாறாமல்.

டிசம்பர் 30-ஆம் தேதி வங்கிக்குப் போனேன். கௌண்ட்டரில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"ஓ.டி.பி. எண்ணை நீங்கள்தானே இட்டீர்கள்?"

"ஆம், நான்தான்."

"அப்படியானால் நாங்கள் என்ன செய்ய முடியும்? கடைக்காரரிடம்தான் கேட்கவேண்டும்."

அன்றிரவு அறைத் தோழன் எனக்கு ஒரு குறுக்குவழி காட்டினான். "அடே, உண்மையைச் சொன்னால் யார் கேட்பார்கள்? 'இந்தப் பணத்தை நான் செலுத்தவே இல்லை, எவனோ என் கார்டைத் திருடிவிட்டான்' என்று எழுது. பணம் தானாக வரும்" என்றான்.

அவன் சொன்னதில் ஓரளவு விஷயம் இருந்தது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கை ஒன்று, வங்கியின் குற்றமோ வாடிக்கையாளரின் குற்றமோ இல்லாமல் வேறோர் இடத்துக் கோளாறினால் கணக்கிலிருந்து பணம் களவு போய், செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வாடிக்கையாளர் தெரிவித்துவிட்டால், அவருக்கு இழப்பே இல்லை என்று வகுத்தது. பத்து வேலை நாட்களுக்குள் அத்தொகையை வங்கி கணக்கில் வரவு வைக்கவேண்டும் என்றும் கூறியது. திருட்டுக்கு இவ்வளவு தெளிவான விதி. ஏமாற்றப்பட்டவனுக்கோ 'கடைக்காரரிடம் கேள்' என்ற உபதேசம். 'நான் செய்யவில்லை' என்ற கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். விரல் அந்தக் கட்டத்தின்மேல் சிறிது நேரம் நின்றது உண்மை. என்னை அரிச்சந்திரனாகக் காட்டிக்கொள்ள நான் விரும்பவில்லை.

என்னைத் தடுத்தது அறம் மட்டுமன்று. ஓ.டி.பி. என் தொலைபேசிக்கே வந்தது வங்கியின் ஏட்டில் இருக்கிறது. நான் எழுதிய மின்னஞ்சல்கள் நிறுவனத்திடம் இருக்கின்றன. பொய் அன்றே சாயம் வெளுத்துவிடும். அதற்குப் பிறகு என் உண்மையையும் எவரும் நம்பமாட்டார்கள். சோதனைச் சாலையில், எதிர்பார்த்த விடை வரவில்லை என்பதற்காக அளவைத் திருத்தி எழுதும் மாணவனுக்கு என்ன நேர்கிறதோ அதுவே இங்கும் நேரும். என் கட்சியில் இருந்த ஒரே பலம் உண்மை. அதைக் கொடுத்துவிட்டு ரூ. 5,640 வாங்குவது நல்ல வியாபாரமாகத் தோன்றவில்லை.

ஆகவே படித்துப் பார்த்தேன். அப்போதுதான் 'சார்ஜ்பேக்' என்ற ஏற்பாட்டின் தன்மை புரிந்தது. நாம் கார்டினால் பணம் கட்டும்போது அந்த வியாபாரத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள்: நாம், நம் வங்கி, கடைக்காரர், கடைக்காரரின் வங்கி. நடுவே விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு நிற்கிறது. வாங்கிய பொருள் வந்து சேராவிட்டாலோ, சொன்னபடி இல்லாவிட்டாலோ, வாக்களித்த சேவை கிடைக்காவிட்டாலோ, நம் வங்கி அந்த வலையமைப்பின் விதிப்படி கடைக்காரரின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இதற்குத் திருட்டு நடந்திருக்கவேண்டியதில்லை. 'பணம் கட்டியது நானே. ஆனால் அதற்குரிய சேவை கிடைக்கவில்லை' என்பதே இந்த வழக்கின் முதல் வாசகம். அதாவது, உண்மையைச் சொல்வதற்கென்றே தனியாக ஒரு கட்டம் இருக்கிறது! அது எனக்குத் தெரியவில்லை. அன்று கௌண்ட்டரில் எவரும் சொல்லவும் இல்லை.

இதற்கும் காலக் கெடு உண்டு. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இத்தகைய வழக்குகளுக்குப் பெரும்பாலும் 120 நாள். பின்னொரு நாளில் கிடைக்கவேண்டிய சேவையானால் அந்த நாளிலிருந்து எண்ணவேண்டும். அமெரிக்காவில் 1974-இல் இயற்றிய சட்டம் ஒன்று, கடன் கார்டுக் கணக்கில் பிழை கண்டவர் 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும் என்றது. நாடு எதுவானாலும், வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது நிற்கும்.

ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதினேன். கோபச் சொற்களை எல்லாம் முதல் பிரதியில் கொட்டி, இரண்டாம் பிரதியில் நீக்கினேன். நாள், தொகை, நடந்தது, கேட்பது என்று நான்கே பத்தி. முன்பதிவுச் சீட்டு, பூட்டின் படம், இரண்டு மின்னஞ்சல்கள், லாட்ஜ் ரசீது ஆகியவற்றை எண் இட்டு இணைத்தேன். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 8-ஆம் தேதி பதில் வந்தது: 'இந்தச் செலுத்துகை ஓ.டி.பி. மூலம் உறுதி செய்யப்பட்டது. புகார் முடிக்கப்படுகிறது.' நான் களவு என்று சொல்லவே இல்லை; களவு இல்லை என்று எனக்கே நிரூபித்திருந்தார்கள்! மறுநாளே வங்கியின் முதன்மைக் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். 'பணம் கட்டியது நானே என்று முதல் வரியிலேயே கூறியுள்ளேன். சேவை கிடைக்காததற்கான சார்ஜ்பேக் கோருகிறேன். புகார் தந்து 30 நாட்களுக்குள் தக்க பதில் வராவிடில் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனை அணுகுவேன்' என்றேன். ஜனவரி 24-ஆம் தேதி தொகை தற்காலிகமாக வரவு வைக்கப்பட்டது.

தற்காலிகம் என்ற சொல்லைப் பார்க்காமல் நான் மகிழ்ந்துவிட்டேன். மார்ச்சில் நிறுவனம் தன் வங்கி வழியாக மறுப்புத் தெரிவித்தது. 'விருந்தினர் அன்று ஹரித்துவாருக்கே வரவில்லை' என்பது அவர்கள் வாதம். பூட்டின் படம் வேறு நாளில் எடுத்ததாக இருக்கலாம் என்றும் ஒரு வரி. பதில் தர எனக்கு ஒரு வாரம் அவகாசம்.

அன்றிரவு லாட்ஜ் ரசீதை எடுத்துப் பார்த்தேன். 20-12-2024, இரவு 8-10, மூன்று பேர், ஹரித்துவார். நீல மசியில் லாட்ஜுக்காரரின் கோணல் கையெழுத்து. அதன்மேல் ஊர்ப் பெயரோடு ஒரு முத்திரை. நான் வெட்கப்பட்ட காகிதம் எனக்காகச் சாட்சி சொல்ல வந்து நின்றது. ஏற்கெனவே நான்காம் எண்ணிட்டு இணைத்த அதனைச் சுட்டிக்காட்டி மூன்றே வரியில் பதில் எழுதினேன். 2025 ஏப்ரல் 21-ஆம் தேதி, வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்ததாகவும் தொகை இனி என்னுடையதே என்றும் வங்கியிலிருந்து செய்தி வந்தது. லாட்ஜுக்குக் கொடுத்த ரூ. 1,200 வரவில்லை, அதை நான் கேட்கவும் இல்லை. அது படிப்புச் செலவு.

நண்பர்களே, ஐயாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று சிலர் கேட்டார்கள். ஊரைவிட்டு வந்து, வேற்று மொழியில் கௌண்ட்டருக்குக் கௌண்ட்டர் நிற்கும் நமக்கு 'போனால் போகிறது' என்று விடுவது எளிது. நாம் அப்படி விடுவோம் என்பதை அறிந்தவர்களே நம் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் என்பார்கள். வங்கியில் எழுதிய பிள்ளைக்குத்தான் கிடைக்கும்.

முதலில் கடைக்காரருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்றன. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. பிறகு வங்கிக்கு எழுதுங்கள். சரியான கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓம்பட்ஸ்மன் இருக்கிறார். முன்பு மூன்று திட்டங்களாகப் பிரிந்து கிடந்ததை 2021 நவம்பர் 12-ஆம் தேதி ஒன்றாக்கினார்கள். அவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை. வங்கிக்கு எழுதாமல் நேரே அவரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

பணம் வந்த அன்று மாலை ஊருக்குத் தொலைபேசி செய்தேன்.

"அப்பா, பணம் வந்துவிட்டது. உங்கள் ரசீதுதான் வாங்கித் தந்தது."

கடையில் யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார் போலும். தராசுத் தட்டின் ஓசை கேட்டது.

"நல்லது தம்பி. அந்தச் சீட்டை அடுத்த தடவை வரும்போது கொண்டு வா. கம்பியிலே குத்தி வைக்கணும்."

வைகாசியில் ஊருக்குப் போனபோது கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, தேதியைச் சரிபார்த்து, அவரே குத்தினார்.